ஆளில்லாத ஏழேகால் நிமிஷம்

எங்கள் கட்டடம் எங்களை முதன்முதலாக வெளியே வைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு. முப்பத்திரண்டு வீட்டிலும் அவரவர் வேலையாக இருந்தவர்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள் தெருவில் நின்றோம். யாரும் படி இறங்கவில்லை, யாரும் யாரையும் தள்ளவில்லை, கையில் என்ன இருந்ததோ அதோடு நின்றோம்: சென்னியப்பன் பாதி முகம் சவரம் செய்தபடி, அவர் சம்சாரம் தேங்காய் மூடியோடு, முதல் மாடி ஆரோக்கியராஜ் இடுப்பில் துண்டோடு (குளித்துக்கொண்டிருந்த மனிதர், துண்டு எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது, கட்டடத்துக்கும் கொஞ்சம் மானம் மரியாதை இருக்கத்தான் செய்தது), மூன்றாம் மாடி மயிலாத்தாள் படுத்த கட்டிலோடும் மூக்கில் மாட்டிய குழாயோடும்.

அண்ணாந்து பார்த்தோம். தெருவில் எங்கள் தலைமேல் பதினொரு மணி வெயில் கொளுத்தியது. கட்டடத்தின் மேல் மட்டும் சாயங்காலம் ஐந்தரை மணியின் மஞ்சள் வெயில் சாய்ந்து கிடந்தது. கொடியில் துணி இல்லை, ஜன்னலில் காலண்டர் இல்லை, மாடத்தில் துளசித் தொட்டி இல்லை, ஆள் குடிவந்த சுவடே இல்லை. ஏழேகால் நிமிஷம் அப்படி நின்றது. அப்புறம் வெயில் விலகியது, துணிகள் கொடிக்குத் திரும்பின, நாங்கள் முணுமுணுத்துக்கொண்டே படியேறினோம். அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கியும் இருக்கவில்லை, ஆறியும் இருக்கவில்லை.

ஆச்சரியப்பட்டோமா என்று பிறகு பலர் கேட்டார்கள். சிங்காநல்லூர் பக்கம் ஒரு நூல் மில்லில் முப்பது வருஷம் சங்கு ஊதினால் உள்ளே போய், சங்கு ஊதினால் வெளியே வந்த கூட்டம் நாங்கள். சங்கு ஊதாமல் அனுப்பிவிட்டதே என்றுதான் எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்.

மில் மூடிய பிறகு தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு வீட்டுச் சங்கம் வைத்து இந்தக் கட்டடத்தைக் கட்டினோம், சங்கத்துக்கு நான்தான் செயலாளர். மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தவனைத் தவிர யாருக்கும் கடுதாசி எழுத வராது என்பதால் என் தலையில் கட்டினார்கள். கட்டடத்தை வரைந்து கொடுத்தவர் வசுந்தரா அம்மையார், பேர்பெற்ற கட்டடக் கலைஞர். செங்கல்லுக்குச் செங்கல் சந்து விட்டுச் சல்லடை மாதிரிச் சுவர், தரை வரைக்கும் இறங்கும் ஜன்னல், பூச்சே இல்லாத கான்கிரீட். கிரகப்பிரவேசத்தன்று மயிலாத்தாளின் வீட்டுக்காரர் நாச்சிமுத்து அந்த அம்மாவிடமே போய், “எல்லாம் நல்லா இருக்குதுங்கம்மா, பூச்சு வேலை எப்பங்க முடியும்?” என்று கேட்டார். இதுதான் முடிந்த வேலை என்று அந்த அம்மா சொன்னதும், அன்றிலிருந்து தெருவில் போகிற வருகிறவருக்கெல்லாம் அதை விளக்கிச் சொல்லும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். தன் பெண்டாட்டிக்கு அடுத்தபடி அவர் பெருமைப்பட்டது அந்தப் பூசாத சுவரைப் பற்றித்தான்.

நாங்கள் குடிவந்த பிறகு இந்தக் கட்டடத்தைப் படம் எடுக்க வந்தவன் இளவழகன். புதுமாதிரிக் கட்டடங்களைப் பற்றிக் குறும்படங்கள் எடுக்கிறவன். ஏழெட்டு எடுத்து, இணையத்தில் போட்டு, அதில் பேரும் வாங்கியிருந்தான். வசனம் கிடையாது, பியானோ மட்டும் வாசிக்கும். கேமரா சுவரோடு சுவராக நத்தை மாதிரி ஊரும். ஒரு நிழல் படியில் ஏறி இறங்கும். கடைசியில் ஓர் இலை விழும். நல்ல வெளிச்சத்துக்காக மூன்று நாள் மொட்டை மாடியில் கொக்கு மாதிரிக் காத்திருந்தான். அந்த மாதிரிப் படக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: வாழ்கிற வீட்டில் வாழ்கிற அடையாளம் எதுவும் தெரியக் கூடாது. கொடி, வாளி, பிளாஸ்டிக் நாற்காலி, சாமி படம், குழந்தை சைக்கிள் எல்லாவற்றையும் அவன் ஆட்கள் எடுத்துக் கார் ஷெட்டில் அடுக்கினார்கள். அதன் பிறகு எங்களையும் அடுக்கினார்கள்.

இதில் முன்னால் நின்று ஒத்தாசை செய்தவர் நாச்சிமுத்து. மில்லில் ஜாபராக ஆட்களை மேய்த்த கை சும்மா இருக்குமா? “அக்கட்டால போங்க, ஃபிரேமுக்குள்ள வராதீங்க” என்று எங்களையெல்லாம் விரட்டினார். மயிலாத்தாளுக்கு அப்போதே நடக்க முடியாது. மில்லில் நூல் சுற்றும் ரீலிங் பிரிவில் இருபத்தாறு வருஷம் விழுங்கிய பஞ்சு நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது, ஆக்சிஜன் மெஷினோடுதான் ஜீவனம். அவளை நாலு பேராக நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கினோம், நானும் ஒரு கால் பிடித்தேன். கார் ஷெட்டில் இரண்டு மணி நேரம், வாளிகளுக்கும் நாற்காலிகளுக்கும் நடுவில், சிலிண்டரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கட்டடம் ஏன் வெளியே வைக்கிறது என்பது மூன்றாம் தடவையிலேயே தெரிந்துபோனது. சிங்கப்பூரிலிருந்து என் மகள் போன் செய்து, “இப்பத்தாம்ப்பா ஆபீஸ்ல எல்லாருக்கும் நம்ம வீட்டுப் படத்தைப் போட்டுக் காட்டினேன்” என்றாள். நான் தெருவில் நின்றுகொண்டுதான் அதைக் கேட்டேன். எங்கே படம் ஓடினாலும் கட்டடம் படத்தில் இருக்கிறபடி ஆகிவிடும். படத்தில் நாங்கள் இல்லை, ஆகவே கட்டடத்திலும் இல்லை. இவ்வளவுதான் விஷயம். இளவழகனிடம் கேட்டால், மற்றக் கட்டடங்களிலிருந்து இப்படிப் புகார் வரவில்லை என்றான். “ஒண்ணு மியூசியம், ஒண்ணு பங்களாங்க. அந்த பங்களாக்காரங்க எப்பவும் வெளிநாட்டுலதாங்க இருப்பாங்க.”

வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? பழகிக்கொண்டோம். வெளியே நிற்பதற்குக் காட்சி என்று பேர் வைத்தோம். “இன்னிக்கு எத்தனை காட்சிங்க?” என்று கேட்டுக்கொண்டோம். ரோடு சுடும் என்பதால், ஜென்மத்தில் செய்யாத காரியமாக, வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டு நடந்தோம். பெண்கள் எந்நேரமும் வெளியே கிளம்புகிற மாதிரிப் புடவை கட்டினார்கள், ஆரோக்கியராஜ் துண்டோடுதான் குளித்தார், டீக்கடை மலையாளி தன் தள்ளுவண்டியை எதிர்ப்பக்கம் கொண்டுவந்து போட்டுவிட்டார். எதிர்வரிசை வீட்டுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு நாங்கள் உட்கார சிமெண்டு பெஞ்சு போட்டார்கள், அதற்கும் பிறகு எங்களோடு வந்து உட்கார்ந்து மருமகளைப் பற்றிக் குறை சொன்னார்கள். சென்னியப்பன் மகளைப் பெண் பார்க்க வந்த சூலூர்க்காரர்கள் பஜ்ஜித் தட்டோடு தெருவில் நின்றார்கள். மாப்பிள்ளையின் தாயார் சுதாரித்துக்கொண்டு, “பரவால்லீங்க, புள்ளைய நல்ல வெளிச்சத்துல பாத்தாச்சு” என்றாள். கல்யாணம் நிச்சயமானது. ஆனால் நிம்மதி என்பது போய்விட்டது. உட்கார்ந்தால் எழுந்துவிடுவோமோ, சோற்றில் கை வைத்தால் தெருவில் நிற்போமோ என்று எல்லோருக்கும் உள்ளங்கால் குறுகுறுத்தபடியே இருந்தது.

ஒரே ஒருத்தி மட்டும் வெளியே வரமாட்டாள். படி கூட்டித் துடைக்கிற துளசாமணி. மூன்றாம் மாடிப் படிமுகப்பை எடுத்தபோது, தெரியாமல் வாளியோடு நாலடி குறுக்கே நடந்துவிட்டாள். அந்த நாலடி அழகாக இருக்கிறது என்று இளவழகன் வைத்துக்கொண்டான். கொடுத்து வைத்தவள் என்று நாங்கள் சொல்ல, அவள் கத்தினாள். காட்சி ஓடும்போது உலகத்தில் எங்கே இருந்தாலும் அவள் அந்தப் படிமுகப்பில் வாளியோடு இருப்பாள், நாலடி நடப்பாள், மீதி நேரம் சுவரோரம் அசையாமல் நிற்பாள். பழனிக்கு மொட்டையடிக்கப் போனவளை நாவிதர் பாதி மழிக்கும்போது இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. படத்தில் நம்மையும் சேர்க்கச் சொல்லலாம் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அவள் அரை மொட்டையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆவணியில் மயிலாத்தாளுக்கு டாக்டர் நாள் குறித்துவிட்டார். ஒரு மாசம், மிஞ்சினால் ஒன்றரை. அவள் அதற்கு அழவில்லை. நாச்சிமுத்துவைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“எங்கம்மா வரப்புல செத்தா. வெளிய போன உசுருன்னு ஊருக்குள்ளயே பொணத்தக் கொண்டாரல, காட்டோரமா வெச்சே எடுத்துட்டாங்க. எனக்கு அப்படி வேண்டாமுங்க. நம்மூட்டுக்குள்ள, இந்தக் கட்டல்ல, இந்த ஜன்னலப் பாத்துட்டுப் போவோணும். ரோட்டுல மட்டும் உட்றாதீங்க.”

வேறு வீடு பார்த்துக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாமே என்று நான் சொன்னேன். “அதுக்குத்தானுங்களா செயலாளரே, ஆயுசு பூரா பஞ்சத் தின்னு இந்த ஊட்ட வாங்குனது?” என்று மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டாள்.

அந்த வாரம்தான் செய்தி வந்தது. கொரியாவில் ஏதோ கட்டடக் கலைக் கண்காட்சியாம், எங்கள் படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம், பத்து நாள், தினம் எட்டு மணி நேரம், ஓடி முடிந்ததும் மறுபடி ஓடும். எங்கள் கணக்குக்குக் காலை ஆறரையிலிருந்து மதியம் இரண்டரை வரை. நடுவில் அரை நிமிஷம் இடைவெளி.

நாச்சிமுத்து என்னையும் இழுத்துக்கொண்டு இளவழகன் வீட்டுக்குப் போனார். அவன் மூக்கால் அழுதான். ஆறு வருஷ உழைப்பு, இந்த ஒரு வாய்ப்பு, வசுந்தரா மேடம் என்ன சொல்வார்களோ. ஆனாலும் நல்ல பையன், மறுநாள் தானே வந்து மயிலாத்தாள் கட்டிலோரம் நின்றான்.

“கொரியாவுலருந்து படத்தத் திருப்பி எடுத்துடட்டுங்களாம்மா?” என்று கேட்டான்.

“எதுக்குக் கண்ணு? ஒருத்தன் பொழப்பக் கெடுத்துட்டா நான் சாவோணும்? ஓடட்டும். நாங்க குடி வந்ததே உம்படத்துக்குத் தெரியாதாட்ட இருக்குது, அதுதான் கொற. என்னைய அதுல போட்டுரு.”

துளசாமணி வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, “வேண்டாங்கக்கா, எங்கதியப் பாத்தீங்கல்ல” என்றாள்.

“உனக்கு நாலு பக்கம் போவோணும், கோவம் வருது. நான் கெடந்த கெடைதானே. என்னைய எங்கிருந்து இழுக்கும்?”

சாயங்காலம் ஐந்தரைக்கு எடுத்தார்கள். தரை வரைக்கும் இறங்கிய ஜன்னல், அதன் ஓரம் கட்டில், கட்டிலில் மயிலாத்தாள், பக்கத்தில் மெஷின், அவள் கையைப் பிடித்தபடி முக்காலியில் நாச்சிமுத்து. வெயில் வந்து அவள் கன்னத்தில் விழுந்தது. இளவழகன் கையைத் தூக்கினான். அந்த வினாடியில், யாரும் சொல்லாமல், யாரும் கேட்காமல், நாச்சிமுத்து அவள் கையை விட்டுவிட்டு எழுந்து, முக்காலியையும் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டார். ஃபிரேமுக்குள் ஆள் வரக்கூடாது என்பது அவருக்கு அப்படி ஊறிப்போயிருந்தது. மயிலாத்தாளின் கை அவர் விட்ட இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் நீண்டது, அங்கேயே நின்றது. உதடு அசைந்தது. பதினொரு வினாடி. இளவழகனுக்குக் கண் கலங்கிவிட்டது, இன்னொரு தடவை எடுக்கத் தோன்றவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகச் சேர்த்து, சத்தத்தை அழித்து, பியானோவை நிரவி, இணையத்திலும் மாற்றிப் போட்டு, கொரியாவுக்கும் அனுப்பிவிட்டான்.

மறுநாள் அதைக் கணினியில் ஒருமுறை ஓட்டிக் காட்டினான். நாங்கள் தெருவில் நின்றோம், கட்டில் வரவில்லை. அண்ணாந்து பார்த்தால் மூன்றாம் மாடி ஜன்னலில் மயிலாத்தாள் தன் வீட்டில், தன் கட்டிலில், மஞ்சள் வெயிலில் கிடந்தாள். பெண்கள் குலவையிட்டார்கள். டீக்கடைக்காரர் எல்லோருக்கும் டீ ஊற்றினார். நானும் ஒரு வடை தின்றேன். அப்போதுதான் என் பக்கத்தில் நின்ற நாச்சிமுத்து, தன் கையையும் காலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, “செயலாளரே, நான் ஏனுங்க இங்க நிக்கறேன்?” என்றார்.

இளவழகன் கொரியாவுக்கு எழுதினான், போனில் கெஞ்சினான், படத்தையே திருப்பிக் கொடுங்கள் என்றுகூடக் கேட்டான். ஒருமுறை மாற்றியதே பெரிது, இனி எதுவும் முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

கண்காட்சி தொடங்கிய நாள் காலை ஆறரைக்கு நாங்கள் எல்லோரும் தெருவில். மாரியம்மன் கோயில் பந்தல்காரர் ஷாமியானா போட்டுக் கொடுத்திருந்தார். எட்டு மணி நேரம் அங்கேதான் சமையல், தூக்கம், சீட்டாட்டம், சண்டை. நாச்சிமுத்து எதிலும் சேரவில்லை. கட்டடத்து வாசலில் ஓட்டப் பந்தயக்காரர் மாதிரி ஒரு காலை முன்னே வைத்து நிற்பார். காட்சி முடிந்து வெயில் விலகியதும் படியில் பாய்வார். அரை நிமிஷத்துக்குள் மூன்று மாடி ஏறி, அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, கையை ஒருமுறை தொட்டுவிட வேண்டும். அறுபத்தெட்டு வயது. இரண்டாம் மாடித் திருப்பத்தைத் தாண்டும்போது தெருவில் நிற்பார். மறுபடி ஒரு காலை முன்னே வைப்பார். ஒரு நாளைக்கு அறுபது தடவைக்கு மேல். செருப்பு அறுந்தது, முழங்கால் வீங்கியது. ஆரோக்கியராஜும் நானும் பிடித்து உட்கார வைத்தால், எங்களை ஜாபர் பாஷையில் திட்டினார். இரண்டரைக்கு மேல் அவளோடு இருந்து சோறு ஊட்டி, உடம்பு துடைத்து, விடியும்வரை விழித்திருந்து, ஆறரைக்கு மறுபடி தெருவுக்கு வந்தார்.

ஆறாம் நாள் இரண்டரைக்கு அவர் மேலே ஏறிப் போனார். நாங்கள் ஏறிப் பார்த்தபோது மயிலாத்தாளின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது, சில்லிட்டிருந்தது. எப்போது போனாள் என்று யாருக்கும் தெரியாது. அன்று காலையிலிருந்து ஒவ்வொரு காட்சியிலும் கீழேயிருந்து அவளைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம். ஒவ்வொரு காட்சியிலும் அவள் அதே மாதிரி கையை நீட்டினாள்.

கேட்டது கிடைத்தது அவளுக்கு. வீட்டுக்குள் போன உயிர், ஆகவே வீட்டுக்குள்ளேயே கிடத்தி, குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, ஒரு குறையில்லாமல் செய்தோம். மறுநாள் ஆறரைக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்று பொழுது சாயும் முன்னே மயானத்துக்குக் கொண்டுபோய் வந்துவிட்டோம்.

ஏழாம் நாள் காலை ஆறரைக்குத் தெருவில் நின்றோம். யாரும் மேலே பார்க்கவில்லை. நாச்சிமுத்து பார்த்தார். பிறகு நாங்களும் பார்த்தோம். ஜன்னலில் கட்டில் இருந்தது, மெஷின் இருந்தது, நேற்று எரித்துவிட்டு வந்த மயிலாத்தாள் கன்னத்தில் வெயிலோடு படுத்திருந்தாள்.

பத்து நாள் முடிந்து இளவழகன் வந்தான். பரிசு கிடைத்ததைச் சொல்லாமல் மறைத்தான், பேப்பரில் ஏற்கெனவே படித்துவிட்டோம். “இன்னிக்கே இணையத்துலருந்து எடுத்துடறேங்கய்யா” என்றான்.

“எடுத்தீன்னா கையக் கால ஒடச்சுப்போடுவேன்” என்றார் நாச்சிமுத்து. அப்புறம் தன் போனை அவனிடம் நீட்டி, “இதுல எப்படித் தம்பி போடறது?” என்று கேட்டார்.

அதிலிருந்து அவரே போட ஆரம்பித்தார். முதலில் நாலு மணிக்கு ஒரு காட்சி. பிறகு காலையில் ஒன்று. பிறகு ஐந்து, ஆறு. யாராலும் ஒரு வேலை முழுசாகச் செய்ய முடியவில்லை. துக்கம் என்று பத்து நாள் பொறுத்தோம், இருபது நாள் பொறுத்தோம். கடைசியில் சங்கத்தைக் கூட்டி, அவரைக் கண்டிக்கும் வேலையைச் செயலாளர் என்று என் தலையில் கட்டினார்கள். நான் வார்த்தைகளை எழுதியே வைத்திருந்தேன். ஆனால் எனக்கு முன்னால் துளசாமணி அவர் வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னும் ரெண்டு எடத்துல கூட்டறேனுங்கண்ணா நானு. பாதில காணாமப் போறேன்னு ஒரு எடத்துல நிறுத்தியே போட்டாங்க. அதக்கூட உடுங்க. ஒரு நாளைக்கு ஆறு தடவ அந்தக்கா கூப்பிடறதக் கேட்டுட்டு வாளியப் புடிச்சுட்டு நிக்க என்னால ஆவலீங்க.”

நாச்சிமுத்து நிமிர்ந்தார். “கூப்பிடறாளா? படத்துல பேச்சே இல்லியே.”

“படத்துல அழிச்சுட்டாங்க. எனக்குக் கேக்குதுங்களே, அவங்க வாசலுக்கு எதுத்தாப்புலதான நிக்கறேன்.”

“என்னன்னு?”

துளசாமணி என்னைப் பார்த்தாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தாள் போல. நான் கையில் வைத்திருந்த காகிதத்தை மடித்துப் பையில் போட்டேன்.

“‘எந்திரிக்காதீங்க’ங்கறாங்க. ‘எங்கீங்க போறீங்க, எந்திரிக்காதீங்க, இங்கயே உக்காருங்க.’ அவ்வளவுதானுங்கண்ணா.”

“நீ ஏதாச்சும் சொன்னியா அவகிட்ட?”

“நாலடி நடக்கத்தானுங்க முடியும். வாயத் தொறக்க முடியாது.”

நாங்கள் இரண்டு பேரும் படி இறங்கி வந்துவிட்டோம்.

மறுநாள் காலையில் காட்சி இல்லை. மத்தியானமும் இல்லை. நாலு மணிக்குத் தெருவில் நின்றோம். நாச்சிமுத்து போனை ஆரோக்கியராஜிடம் கொடுத்துவிட்டு, நேராக நடந்து, மூன்றாம் மாடி ஜன்னலுக்குக் கீழே நடு ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வேட்டியை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைத் தூக்கி மேலே பார்த்தார். தண்ணீர் லாரி ஒன்று தெருவுக்குள் திரும்பி அவர் முதுகுக்குப் பத்தடி பின்னால் வந்து நின்றது. ஹாரன் அடித்தான். மறுபடி அடித்தான். மேலே மயிலாத்தாள் கையை நீட்டினாள். டிரைவர் தலையை வெளியே நீட்டி, “பெரியவரே, எந்திரிங்க!” என்று கத்தினான்.

அவர் எழுந்திருக்கவில்லை. நாங்கள் நாலைந்து பேர் போய் லாரியைப் பின்னால் எடுத்துச் சுற்றிப் போகச் சொன்னோம்.